கடலைப் பார்த்து வைத்த வாசல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கியிருக்கிறேன். தாளை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே ஒரு வரிகூட எழுதாமல் மடித்து வைத்த நாள்கள் உண்டு. நான் எட்டாவது வரை படித்தவன். ஆனால் எழுத வராது என்பதற்காகத் தயங்கவில்லை. சாமி கும்பிடுகிறவன் ஒன்றை எழுதினால், படிக்கிறவர்களுக்கு அதில் கொஞ்சமாவது ஆறுதல் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். இதில் ஆறுதல் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்போது எழுத ஒரு காரணம் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த கடற்கரைக் கூடார மைதானத்தை இப்போது வெளியாட்கள் எடுத்து நடத்துகிறார்கள். சாயங்காலமானால் தீ மூட்டி, வந்தவர்களைச் சுற்றி உட்கார வைத்துக் கதை சொல்கிறார்களாம். போன மாதம் என் மருமகன் போனில் ஒரு வீடியோ காட்டினார். "மாமா, இது நீங்க வேலை பார்த்த எடந்தானே?" என்றார். அந்த இடம்தான். ஒரு தாய் இந்த மணலில் மகனுக்காகக் காத்துக் கிடந்தாள், மகன் இலங்கைச் சிறையிலிருந்து திரும்பி வந்து அவள் மடியில் விழுந்தான் என்று அதில் ஒருவர் சொல்கிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். அடுத்த வாரமே, அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் எப்படியோ என் நம்பரைப் பிடித்துப் பேசினார். அந்த அம்மா இன்னும் பேயாக வாசல் தேடி அலைகிறது என்றும் சிலர் சொல்கிறார்கள், எது நிஜம் ஐயா என்று கேட்டார். இரண்டுமே நிஜமில்லை. நான் கூடவே இருந்தவன்.

எனக்குச் சொந்த ஊர் கண்டரமாணிக்கம். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லாவிட்டால் வெளியூர் வேலை. அப்படித்தான் தொண்டிக்குத் தெற்கே இருக்கும் ஒரு கடற்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே கரையை ஒட்டிப் பொதுமக்கள் கூடாரம் போட்டுத் தங்குவதற்கென்று ஊர் நிர்வாகம் ஒரு மைதானம் வைத்திருந்தது. சுற்றிலும் பனைமட்டை வேலி, ஒரு ஓரத்தில் குளியலறைகள், குடிதண்ணீர்க் குழாய், நடுவில் எங்கள் கொட்டகை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், அமாவாசைக்குக் கடலில் முழுகக் குடும்பம் குடும்பமாக வருவார்கள், சும்மா காற்று வாங்கவும் வருவார்கள். முதல் வருஷங்கள் குழாயடியைக் கழுவுவதும் குப்பை அள்ளுவதுமாகப் போயின. அதன்பிறகுதான் என்னைக் கூடாரம் கட்ட விட்டார்கள்.

விட்டவர் எங்கள் மேற்பார்வையாளர் சீனி இபுராகிம். நாங்கள் பாய் என்போம். அந்த ஊர்க்காரர். கட்டையான மனிதர், தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை, தலையில் வலைத்தொப்பி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் கட்டின கயிற்றில் தப்பு இருந்தால் பேசாமல் வந்து அவிழ்த்துவிட்டு, பேசாமல் போய்விடுவார். திரும்பக் கட்ட வேண்டியதுதான்.

மணலில் கூடாரம் கட்டுவது கரிசல் மண்ணிலோ செம்மண்ணிலோ கட்டுகிற மாதிரி கிடையாது. முளைக்குச்சியைக் கொட்டாப்புளியால் எவ்வளவு அடித்தாலும் மணல் அதைப் பிடிக்காது. அதனால் சாக்கில் ஈரமணலை நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் சுற்றி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைப்போம். மேலே மணலைத் தள்ளி மிதித்துக் கெட்டிப்படுத்துவோம். அதற்கப்புறம் கயிற்றைத் தட்டிப் பார்த்தால் தம்புராக் கம்பி மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும்வரை பாய் நகர மாட்டார்.

இன்னொன்று வாசல். "கூடாரம் காத்துக்கு முதுகைத்தேன் காட்டணும், மூஞ்சியக் காட்டக்கூடாது" என்பார். எங்கள் கரை கிழக்கே கடலைப் பார்த்தது. ஆடியில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அப்போது வாசல் கடலைப் பார்த்து இருக்கலாம். புரட்டாசி முடியும்போது காற்று மாறிவிடும். வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு வரும். அதற்கு முன்னால் எல்லாக் கூடாரத்தையும் பிரித்து, வாசலை உள்நாட்டுப் பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று வாசல் வழியாகப் புகுந்து கூடாரத்தைப் பை மாதிரி ஊதித் தூக்கிவிடும்.

மூன்றாவது, யாரும் ஒரே கூடாரத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் தங்கக்கூடாது. மூன்று ராத்திரி முடிந்தால் பிரித்து, துணியை வெயிலில் உதறிக் காயப்போட்டு, அந்த இடத்து மணலைக் கூட்டிவிட வேண்டும். பொது இடத்தை ஒருவர் வீடாக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தச் சட்டம்.

இவ்வளவையும் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நடந்ததெல்லாம் இவற்றிலிருந்துதான் நடந்தது.

அந்த வருஷம் ஆடியில் சிங்கம்புணரிப் பக்கமிருந்து பையன்கள் கொஞ்சம் பேர் வந்து தங்கினார்கள். எங்கள் கடல் அலையடிக்காத கடல். குளம் மாதிரிக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுவார்கள். சரவணன் என்ற பையன் கரையில் கிடந்த தெர்மாகோல் மிதவையில் ஏறி உட்கார்ந்து துடுப்புப் போட்டிருக்கிறான். மீன்காரர்கள் நண்டு பிடிக்கப் போகிற மிதவை அது. கச்சான் காற்று அவனைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. கூட வந்தவர்கள் முதலில் கரையில் நின்று சிரித்திருக்கிறார்கள். அப்புறம்தான் ஓடி வந்து எங்களிடம் சொன்னார்கள். பாய் உடனே படகுக்காரர்களை எழுப்பி விட்டார். மறுநாள் மிதவை மட்டும் கிடைத்தது.

அவனுடைய அம்மா பஞ்சவர்ணம், பையன் போன அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தார். புருஷன் இல்லாதவர். ஒரே பிள்ளை. மகன் தங்கியிருந்த கூடாரத்துக்குள் போய், அவன் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். போலீஸ் வந்தது, படகுகள் போய்ப் போய்த் திரும்பின. எங்கள் கடலில் விழுந்தவர்களைப் பெரும்பாலும் மூன்றாம் நாள் கடல் கரையில் கொண்டுவந்து போட்டுவிடும். சரவணனை மூன்றாம் நாளும் காணோம், முப்பதாம் நாளும் காணோம். எல்லை தாண்டிப் போய் இலங்கைக்காரர்கள் பிடித்து வைத்திருந்தாலும் வைத்திருக்கலாம் என்று மீன்காரர் ஒருவர் ஆறுதலுக்குச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று ராத்திரி முடிந்தபோது எல்லாரும் பாய் முகத்தைப் பார்த்தோம். பாய் கூடாரத்துக்கு வெளியே நின்று, "அம்மா, எந்திரிச்சு வாங்க, இதைப் பிரிக்கணும்" என்றார். அந்த அம்மா மறுபேச்சுப் பேசாமல் பையோடு வெளியே வந்து மணலில் உட்கார்ந்தார். பிரித்தோம், உதறினோம், கூட்டினோம். பாய் பக்கத்து இடத்தைக் காட்டி, "இங்க கட்டுங்க, புதுசா ஆள் வந்திருக்கு" என்றார். நாங்கள் கட்டினோம். அந்த அம்மா உள்ளே போனார்.

அன்றிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு தரம் அப்படித்தான். சட்டத்தையும் மீறவில்லை, அந்த அம்மாவையும் வெளியே அனுப்பவில்லை. தெற்கு ஓரத்து ஓடைப்பக்கம் தொடங்கி வரிசையாக ஒவ்வோர் இடமாக நகர்ந்து வடக்கு வேலி வரை போய், மறுபடி திரும்பி வந்தது அந்தக் கூடாரம். மேலே இருந்து யாரும் கேட்டால் என்ன சொல்வீக என்று நான் பாயிடம் கேட்டேன். "மூணு நாளைக்கு மேல யாரு தங்குனது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்த அம்மா தினமும் குளியலறைக்குப் போவார். ஆனால் கழுத்துக்குக் கீழேதான் தண்ணீர். தலையைத் துண்டால் இறுகக் கட்டியிருப்பார். நாங்கள் முதலில் கவனிக்கவில்லை. அவருடைய தம்பி அழகர் ஊரிலிருந்து வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பிள்ளை இல்லை என்று ஆனபிறகு, உடம்பு கிடைக்காவிட்டாலும் தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, பெற்றவள் தலைமுழுகிக் காரியத்தை முடிக்க வேண்டும் அல்லவா. அதற்காகத்தான் அழகர் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் நான் குழாயடியில் இருந்தேன். அழகர் அக்காவிடம் கெஞ்சிப் பார்த்து முடியாமல் கோபத்துக்கு வந்துவிட்டார்.

"ஒங்கக்கா கடலைக் குத்தகைக்கு எடுத்துருச்சாடான்னு கேக்குறாய்ங்கக்கா. டீக்கடையில நிக்க முடியல."

"கேட்டா ஆமான்னு சொல்லு."

"வெளையாடாத. காரியம் பண்ணாம விட்டா அவன் ஆத்துமா அலையும்னு ஒனக்குத் தெரியாதா? தலையில தண்ணிய ஊத்திக்கிட்டு எந்திரிச்சு வா."

அந்த அம்மா துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். "நான் தலையில தண்ணிய ஊத்துனா அவன் செத்துப்போயிருவான்டா" என்றார். "அதுவரைக்கும் அவன் வந்துக்கிட்டுத்தானே இருக்கான்?"

அழகர் கொண்டுவந்த சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் எங்கள் பக்கம் மழையே இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. மாசியில் திருக்கோஷ்டியூர்த் தெப்பத்துக்குப் போனபோது, மழை வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தெப்பக்குளக் கரையிலிருந்து ஒரு விளக்கை எடுத்து வந்து வீட்டுப் பூஜையில் வைத்திருந்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. நினைத்தது நடந்தால் அடுத்த மாசித் தெப்பத்துக்கு விளக்கைக் கொண்டுபோய் அங்கே ஏற்றி நன்றி சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி ஊர்ப் பெண்களோடு சேர்ந்து வீடு வீடாகக் கஞ்சி வாங்கி மழைக்கஞ்சி எடுத்தாள். நானும் தினமும் கொட்டகையில் விழுந்து கும்பிட்டு, பெருமாளே மழையைக் கொடு என்றுதான் வேலையை ஆரம்பிப்பேன்.

ஒருநாள் காலையில் நான் கும்பிட்டு எழுந்தபோது அந்த அம்மா கொட்டகை வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தார்.

"மழைக்கா வேண்டுறீகண்ணே?"

"ஆமாம்மா. ஊருல கண்மாய் காஞ்சு கெடக்கு."

அந்த அம்மா கிழக்கே பார்த்தார். மேகம் ஒன்றும் இல்லை. "பெய்யட்டும்ணே. நானும் வெவசாயம் பண்ணுறவதேன். அங்குட்டு நல்லாப் பெய்யட்டும். இங்குட்டு மட்டும் வேணாம்னு சேர்த்து வேண்டிக்கிருங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வயலைக் கொன்ற அதே வறட்சிதான் இந்த அம்மாவின் தலையை நனையவிடாமல் வைத்திருந்தது. அன்றிலிருந்து என்னால் ஒழுங்காகக் கும்பிட முடியவில்லை. மழை என்று வாயெடுத்தால் அந்தத் துண்டு கட்டிய தலை வந்து நிற்கும். அவர் சொன்னபடி அங்குட்டு, இங்குட்டு என்று பிரித்துப் பிரித்து வேண்டிப் பார்த்தேன். பெருமாளுக்கு வழிசொல்ல நான் யார் என்று கூசிப்போய் நிறுத்திவிட்டேன்.

புரட்டாசி முடிந்தது. எல்லாக் கூடாரத்தையும் திருப்பினோம். கடைசியாக அந்த அம்மாவுடையதைப் பிரித்தோம். பாய் கொட்டாப்புளியோடு நின்று, இந்தத் தடவை வாசலை மேற்கே வைக்கணும், காத்து மாறுது என்று சொன்னார். அந்த அம்மா இதுவரை எங்களிடம் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்.

"பாய், வாசலை இங்குட்டே இருக்க விடுங்க. அவன் கடல்ல வாரப்ப என் மூஞ்சி தெரியணும்ல."

பாய் கடலைப் பார்த்தார். கொட்டாப்புளியைக் கை மாற்றிக்கொண்டார். அவர் தொழுகைக்குப் போகிற நேரம்கூடத் தாண்டிப்போனது. கடைசியில் எங்களைப் பார்க்காமல், "மூட்டையை இன்னும் ஆழமாப் புதைங்க. வாசல் அப்படியே இருக்கட்டும்" என்றார். அவரே கூடவே நின்று ஒவ்வொரு கயிற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தார்.

ஐப்பசியில் ஒருநாள் காலையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. புயல் சின்னம், கரையில் இருக்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். நாங்கள் மற்றக் கூடாரங்களைப் பிரித்து, குழந்தைகுட்டிகளை ஊர் நிர்வாகத்து ஜீப்பில் முதலில் அனுப்பினோம். அந்த அம்மாவை எப்படிக் கூட்டிப்போவது என்று பாய் யோசித்து வைத்திருந்தார். ஜீப் திரும்பி வந்ததும் கூடார வாசலோடு ஒட்டி நிறுத்துவது, உள்ளே இருந்து அப்படியே ஏற்றிவிடுவது. ஒரு சொட்டு மேலே விழாது. அந்த அம்மாவும் சரி என்று மகன் பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

ஜீப் திரும்புவதற்குள் மழை வந்துவிட்டது. மத்தியானமே இருட்டிப்போனது. கடலிலிருந்து வந்த காற்று திறந்த வாசலில் நேராகப் புகுந்தது. கூடாரம் ஒரு தரம் உப்பி அமுங்கியது, மறுபடி உப்பியது. நாங்கள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துத் தொங்கினோம். புதைத்த மூட்டைகள் மணலைப் பிளந்துகொண்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்த அம்மா நடுவில் ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.

இனி நிற்காது என்று தெரிந்ததும் பாய் கொட்டகையிலிருந்து தார்ப்பாயை எடுத்துவரச் சொன்னார். நாலு மூலையையும் நாலு பேர் பிடித்தோம். பாய் முன்னால் ஒரு மூலை, நான் பின்னால் ஒரு மூலை. நடுவில் அந்த அம்மா. ஊர்வலத்தில் சாமிக்கு மேலே துணி பிடித்துக்கொண்டு போவதுபோல அந்த மழைக்குள் நடந்தோம். எங்களுக்குக் கண் தெரியவில்லை. பாய் மட்டும், "மெதுவா, மெதுவா, தாழப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். வேலி இருந்தவரைக்கும் காற்று கொஞ்சம் மட்டுப்பட்டது. அந்த அம்மாவின் தலையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

மைதானத்து வாசலைத் தாண்டி ரோட்டில் திரும்பினோம். அங்கே மறைப்பு எதுவும் இல்லை. காற்று பக்கவாட்டில் வந்து மோதியது. பாய் பிடித்திருந்த மூலையில் கயிறு கோர்க்கிற வளையம் துணியோடு பிய்ந்துகொண்டது. தார்ப்பாய் எங்கள் கைகளை உதறிக்கொண்டு பறந்தது. பேசினும் போனது. பாய் தன் தொப்பியைக் கழற்றி அந்த அம்மா தலையில் வைத்து, மேலே தன் இரண்டு கையையும் கவிழ்த்துக்கொண்டார். நாங்களும் கையை விரித்தோம். ஐப்பசி மழைக்குக் கை என்ன செய்யும்.

அந்த அம்மா கத்தவில்லை. துண்டுக்குள் விரலை விட்டுத் தடவி, கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார்.

"நனைஞ்சிருச்சு பாய்" என்றார்.

அப்படியே ரோட்டில் ஓடிய தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். ஜீப் வெளிச்சம் அப்போதுதான் திருப்பத்தில் தெரிந்தது.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அந்த அம்மா தலையைத் துவட்டக்கூட இல்லை. அழகருக்குப் போன் போடச் சொன்னார். "செஞ்சிரலாம்னு சொல்லுங்கண்ணே" என்று என்னிடம் சொன்னார். நான் சொன்னேன். அந்தப் பக்கம் அழகர் அழுகிற சத்தம் கேட்டது. போனை வைத்த கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரி கூப்பிட்டாள். "என்னங்க, கண்மாய்க்குத் தண்ணி வந்துருச்சுங்க. நெறஞ்சு மறுகால் போகும்போல இருக்குங்க" என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

புயல் ஓய்ந்தபிறகு அதே மைதானத்தில் தர்ப்பையில் உருவம் வைத்து எல்லாம் செய்தார்கள். அந்த அம்மா கடலில் இறங்கித் தலை மூழ்க முழுகி எழுந்தார். புறப்படும்போது, துக்கக் காரியம் என்பதால் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. பாய் வேலியோரம் தலை குனிந்து நின்றார். அவர் பக்கத்தில் வந்து, "இனிமே யாரு கேட்டாலும் வாசலை இங்குட்டு வைக்காதீக பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். குத்திக் காட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. அதுதான் பாயால் தாங்க முடியவில்லை. "அன்னைக்கு ஒருநாத்தேன் நான் வேலைய வேலையாப் பார்க்கல" என்று என்னிடம் பலதடவை சொல்லியிருக்கிறார். வேலையை விட்டு நின்ற கொஞ்ச காலத்தில் மவுத்தாகிவிட்டார். அவர் செய்ததைத் தப்பென்று என்னால் இன்றும் நினைக்க முடியவில்லை. வாசலைத் திருப்பியிருந்தால் கூடாரம் நின்றிருக்கும். வாசலைத் திருப்பியிருந்தால் அந்த அம்மா அன்றைக்கே உடைந்திருப்பார். எதைச் செய்திருக்க வேண்டும் என்று சாமியைக் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அடுத்த மாசியில் விளக்கை எடுத்துக்கொண்டு திருக்கோஷ்டியூர் போனோம். வேண்டியது நடந்துவிட்டதே, திருப்பி வைக்காமல் இருக்க முடியுமா. என் வீட்டுக்காரி சுற்றிலும் விளக்கு வைத்து ஏற்றினாள். நானும் கும்பிட்டேன். பெருமாளே என்பது வந்தது. அதற்கு அடுத்த சொல் வரவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ மாசி வந்துவிட்டது. பூஜை நிறுத்தவில்லை, விரதம் விடவில்லை. அந்த அடுத்த சொல் மட்டும் இன்னும் வரவில்லை.

ஒரே ஒரு தடவை அந்த அம்மாவைப் பார்த்தேன். சிங்கம்புணரிச் சந்தையில் புளி விற்றுக்கொண்டிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, உட்காரச் சாக்கை நகர்த்திப் போட்டார்.

"ஒங்க கண்மாய் அப்ப பெருகுச்சாண்ணே?"

"பெருகுச்சும்மா."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, வந்தவருக்குப் புளியை நிறுக்க ஆரம்பித்தார்.

இவ்வளவுதான் நடந்தது. இந்த மைதானத்தில் இப்போது வேலை பார்க்கிற தம்பிமார்களுக்கும், இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தீ மூட்டி உட்காரும்போது இதைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நான் எழுதினபடியே சொல்லுங்கள். அந்த அம்மா பேயாகவில்லை. புளி விற்றார். கேட்கிறவர்கள் முகம் வாடுகிறதே என்று பார்த்து, கடைசியில் அந்தப் பையனைக் கரையேற்றிக் கொண்டுவந்துவிடாதீர்கள். எனக்கும் அப்படிச் சொல்லிவிட எத்தனையோ தடவை ஆசை வந்திருக்கிறது. அவன் வரவில்லை. இதை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது ஒரு எழுத்தும் மாற்றாமல் கொடுங்கள்.